நதானியேல் மாஸ்ரரின் வாழ்க்கைக் குறிப்பு இன்னும் கிடைக்கவில்லை

கொக்குவில்,
04.03.2024

வட துருவத்துக்குக் கிட்ட, நீச்சல் குளத்தில் குதிக்கிற வெள்ளைக்காரரைக் காவல் காக்கும் என் ஒரே மருமகள் அபிகாயிலுக்கு, உன் தாய்மாமன் நதானியேல் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும் உன் மாமியும் இருக்கவேண்டிய மாதிரி இருக்கிறோம். முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் மாமரம் பூத்துக் கொட்டுகிறது. பெர்கனில் பனி விட்டதா? அக்காவின் முழங்கால் எப்படி? அவவை மாடிப்படி ஏற விடாதே.

அபி, நான் இனிச் சொல்லப்போகும் கதையை ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று இதனால் பயபக்தியோடு உறுதியளிக்கிறேன். நம்பக்கூடியதாக ஒரு வரி எங்காவது வந்துவிட்டால் அது என் பேனை சறுக்கியது. மன்னித்துக்கொள்.

முதலில் போன் விஷயம். மைதானத்து வேப்பமரத்துக் காகம் ஒன்று என் போனைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டுக்குள் வைத்து அடைகாக்கிறது. நாலு தரம் மரம் ஏறிப் பார்த்தேன். குஞ்சு பொரிக்கும்வரை தவணை கேட்கிறது. தாய்மையோடு சண்டை பிடிக்கலாமா? ஆகவே இனிக் கடிதம்தான்.

இரண்டாவது விஷயம் பெரியது. எங்கள் கல்லூரிக்குப் புது அதிபர் வந்திருக்கிறான். எட்வேர்ட். ஓம், நான் வேகப்பந்து பழக்கி, ஓடிவந்த வேகத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே விக்கெற்றைத் தாண்டி ரயில் தண்டவாளம் மட்டும் போனானே, அதே எட்வேர்ட்தான். என்னைக் கூப்பிட்டுக் கதிரை தந்து, தேத்தண்ணி தந்து, "சேர், முப்பத்தெட்டு வருஷம் காணும்தானே. ஆனியிலை உங்களுக்கு ஒரு பிரியாவிடை வைப்பம்," என்றான். பரிசுக்குச் சுவர் மணிக்கூடும் வாங்கியாயிற்றாம்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மேசையில் கிடந்த கடதாசியை இழுத்து எழுதினேன்: "கார்த்திகையில் மாகாணப் பெண்கள் உதைபந்தாட்ட இறுதி. கிண்ணம் எடுத்தால் நான் நிற்பேன். எடுக்காவிட்டால் மணிக்கூட்டைத் தா." அவன் வாசித்துவிட்டு, எங்கள் பெட்டைகள் மூன்று வருஷத்தில் ஒரு ஆட்டமும் வென்றதில்லையே என்றான். அது எனக்குத் தெரியாத செய்தியா? பதினாலு பிள்ளைகள். பந்து ஒருபக்கம் போனால் பதினாலும் மற்றப் பக்கம் போகும்.

ஆனி வந்தால் என் கதை முடிந்தது. கார்த்திகை வரைக்கும் இழுக்கவேண்டும். வழி கண்டுபிடித்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் ஒரு வாத்தியாரைச் 'சேவை நயப்பு மலர்' என்றொரு புத்தகம் அச்சடிக்காமல் வழியனுப்ப முடியாது. நிறைகுடமில்லாமல் கலியாணம் நடக்கும், மலரில்லாமல் பிரியாவிடை நடக்காது. போதகரின் ஆசிச்செய்தி வந்துவிட்டது, பழைய மாணவரின் வாழ்த்துப்பா வந்துவிட்டது. வராத ஒன்று, நான் எழுதிக் கொடுக்கவேண்டிய என் வாழ்க்கைக் குறிப்பு. அதை நான் எழுதிக்கொண்டே இருக்கப்போகிறேன். ஒவ்வொரு அதிகாரமாக உனக்கு அனுப்புவேன். நீ ஆறுதலாக, அவசரப்படாமல் திருத்து.

அதிகாரம் ஒன்று, கிரிக்கெற், 1986. இருபத்தைந்து வயசில் பொறுப்பேற்றேன். முதல் ஆட்டத்தில் ஓட்டம் எடுக்கப் போன ஒரு பொடியனைப் பார்த்து "நில்!" என்றேன். அவன் நின்றான். நடுவர் நின்றார். கொக்குவில் ஸ்ரேசனைக் கடந்துகொண்டிருந்த யாழ்தேவி ரயிலும் நின்றது. சாரதி இறங்கிவந்து எனக்குச் சல்யூட் அடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

மாமியின் அன்பும் என் ஆசியும்.
நதானியேல் மாமா

*

பெர்கன்,
27.03.2024

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

அபி எழுதுறன். நாங்கள் சுகம். நீங்களும் அப்பிடித்தான் எண்டு நம்பத்தான் விருப்பம்.

காகக் கதையை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவ சிரிக்கேல்லை. "அவன்ரை போனைக் காகம் கொண்டுபோனால் மாமியின்ரை போனை ஆர் கொண்டுபோனது?" எண்டு கேட்டா. நான் மாமியின்ரை நம்பருக்கு அஞ்சு தரம் எடுத்தனான். ஒருக்கால் நீங்கள் கிறவுண்டிலை, ஒருக்கால் சேர்ச்சிலை, மூண்டு தரம் குளிக்கிறியள். அவ்வளவு குளிக்கிற ஆளே நீங்கள்?

யாழ்தேவி நிண்டதை நான் நம்பிறன். எட்வேர்ட் அண்ணை தண்டவாளம் மட்டும் ஓடினதையும் நம்பிறன். நீங்கள் அவரின்ரை அறைக்குள்ளை ஒரு வார்த்தை பேசாமல் இருந்தனான் எண்டு எழுதியிருக்கிறியள் பாருங்கோ, அதைத்தான் என்னாலை நம்ப முடியேல்லை.

போன் எடுங்கோ.
அபி

*

கொக்குவில்,
20.04.2024

சந்தேகத்தின் மொத்த வியாபாரியான மருமகளுக்கு,

சுகம். இங்கே வெயில் எப்படியென்றால், கோழிகள் அவித்த முட்டை இடுகின்றன. காகம் விஷயத்தில் முன்னேற்றம் இல்லை. அக்காவுக்குச் சொல், நான் இந்த வருஷம் சுத்தத்தில் கவனமாக இருக்கிறேன் என்று.

எட்வேர்ட் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டான், குறிப்பு எங்கே என்று. அதிகாரம் இரண்டு உன்னிடம் திருத்தத்துக்கு வருகிறது என்று எழுதி அனுப்பினேன்.

அதிகாரம் இரண்டு. 1995இல் சண்டைக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நான் தூக்கிக்கொண்டு போனது ஒரு கரப்பந்து. வலை இல்லை. இரண்டு தென்னைக்கு நடுவில் மீன்வலை கட்டினோம். மூன்றாம் நாள் பந்தோடு சேர்ந்து ஒரு ஒட்டிமீன் விழுந்தது. அதைப் புள்ளியாகக் கணக்கெடுத்தோம். திரும்பி வந்து மேசைப்பந்து பழக்கினேன். மேசைக்கு வகுப்பறைக் கதவு, பந்துக்குத் தென்னங்குரும்பட்டி. பிறகு பாரம் தூக்கல். இரும்புக்கு எங்கே போவது? கொக்குவில் முழுக்க ஆட்டுக்கல் இரவல் வாங்கினேன். ஒரு மாதம் ஊரில் ஒரு வீட்டிலும் தோசை இல்லை. ஆனால் தேசியப் பதக்கம் வந்தது.

அதிகாரம் மூன்று, மெய்வல்லுநர் ஓட்டம். இதில் நீ வருகிறாய். 2010, மாகாணப் போட்டி, எண்ணூறு மீற்றர். இரண்டாம் சுற்றில் உன் கால் இடறி முகம் குப்புற விழுந்தாய். நான் கயிற்றுக்கு வெளியே நின்று "எழும்பு!" என்று ஒரு சத்தம் போட்டேன். வல்வெட்டித்துறைக் கடலில் மீன் கரைக்குத் துள்ளியது. நீ எழும்பி ஓடி முடித்தாய். கடைசிதான். ஆனால் அந்தக் கடைசிக்குத்தான் சனம் கைதட்டியது. இந்தப் பந்தியில் ஒரு எழுத்தும் மாற்றாதே.

இனி உதைபந்து. விசில் ஊதுவதை நான் விட்டுவிட்டேன். அது பொலிசுக்காரருக்கும் பிரஷர் குக்கருக்கும் உரிய சாமான். நான் கண்டுபிடித்திருப்பது சத்தமில்லாப் பயிற்சி. உண்மையில் கண்டுபிடித்தது இராசாத்தி என்ற ஒரு மனிசி. எங்கள் அணித்தலைவி பிரசாந்தியின் தாய். மகள் விடுதியில் நிற்கிறாள், தாய் வல்வெட்டித்துறை. அங்கே கடலுக்குள் கல்லுப் பார் என்று பாறைத்திட்டு கிடக்கிறது. வள்ளம் கரைக்கு வரும்போது பாரில் அலை உடைக்கிற சத்தத்துக்குள் வள்ளத்தில் இருக்கிறவனுக்குக் கரையில் கூப்பிடுவது கேளாது. அதனால் மனிசி கரையில் நின்று சீலைத்துண்டை வீசிப் புருஷனுக்கு வழி காட்டுவாள். மகளைப் பார்க்க வந்தவள் என் பயிற்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மாஸ்ரர், நீங்கள் ஏன் கையைக் காலை ஆட்டிக் கஷ்டப்படுறியள்? ரெண்டு துணி எடுங்கோ," என்றாள்.

எடுத்தேன். சிவப்புச் சால்வை என்றால் ஏறு. வெள்ளைத் துவாய் என்றால் எல்லோரும் இறங்கிக் கோலைக் காப்பாற்று. இவ்வளவுதான் முழு விஞ்ஞானமும்.

ஆசியோடு,
மாமா

*

பெர்கன்,
12.05.2024

அன்புள்ள மாமா,

சுகம். அம்மாவின்ரை முழங்கால் பரவாயில்லை.

அதிகாரம் மூண்டிலை நான் ஒண்டும் மாத்தேல்லை. அது மட்டும் புழுகில்லை எண்டு எனக்குத் தெரியும். முகம் மண்ணுக்கை கிடக்க, எழும்பாமல் இப்பிடியே கிடந்தால் என்ன எண்டு நினைச்சனான். அப்பதான் உங்கடை குரல் கேட்டது. இஞ்சை குளத்தடியிலை எட்டு மணித்தியாலம் நிண்டு களைச்சுப் போற நாளிலை இப்பவும் கேக்கும். நான் உங்களுக்கு இதைச் சொன்னதில்லை.

அதாலைதான் கேக்கிறன். விசிலைக் கழுத்திலை போட்டபடியே கலியாணக் கோட்டுப் போட்ட மனிசன் நீங்கள். பயிற்சியிலை கத்துறதில்லை. அதிபரோடை எழுதிக் கதைக்கிறியள். அஞ்சு மாசமாப் போன் இல்லை.

மாமா, உங்கடை குரலுக்கு என்ன நடந்தது?

அபி

*

கொக்குவில்,
09.06.2024

அன்பான அபிப்பிள்ளைக்கு,

மாமி பியாட்றிஸ் எழுதுகிறேன். நீயும் என் மச்சாள், உன் அம்மாவும் சமாதானமாய் இருக்க ஜெபிக்கிறேன்.

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. மாமா அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார். பதில் எழுத இருப்பார், பிறகு எழும்பிப் போய்விடுவார். அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்துதான் நான் எழுதுகிறேன். வேதப்புத்தகத்தில் கைவைக்கச் சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கினவர். கதைக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணினேன். எழுத மாட்டேன் என்று பண்ணவில்லை.

பிள்ளை, மாமாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். தை மாதம் ஒப்பரேஷன் செய்து குரல்வளையை முழுக்க எடுத்துவிட்டார்கள். நோய் போய்விட்டது என்று டொக்டர் சொல்லுகிறார், கர்த்தருக்குத் தோத்திரம். ஆனால் குரல் இல்லை. மூச்சு விடுவது கழுத்தில் வைத்த ஓட்டையால். வாயால் காற்று வராது, அதனால் விசிலும் ஊத முடியாது. ஆஸ்பத்திரியால் வந்த அன்று விசிலை வாயில் வைத்துப் பார்த்தார். பிறகு கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டார். நான் குசினிக்கு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

மச்சாளுக்குச் சொல்லவேண்டாம் என்று அவர் நிற்பதற்குக் காரணம், அவ அந்த முழங்காலோடு பிளேன் ஏறி வந்து அவரைக் கட்டிலில் கட்டிப்போடுவா என்ற பயம். எட்வேர்ட்டை நீ பிழையாக எண்ணாதே. அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்து அழுதவன். "மாமி, கிறவுண்டுப் புழுதி கழுத்துக்குள்ளை போய் சேருக்கு ஒண்டு நடந்தால் நான் என்ன செய்வன்?" என்று கேட்டான். கல்லூரிச் சபையும் அவனைக் கேட்கிறதாம், குரலில்லாத ஒருவர் எப்படிப் பயிற்றுவிப்பது என்று.

ஈரத்துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு விடிய அஞ்சே முக்காலுக்குப் போகிறார். ஒருநாளும் பிந்தவில்லை. எனக்குத் தடுக்கத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் தடு.

உன் மாமி

*

பெர்கன்,
30.06.2024

மாமா,

மாமி எழுதிப்போட்டா. அவவிலை கோவிக்கக் கூடாது.

அஞ்சு மாசம். காகம் எண்டு எழுதினியள். நானும் சிரிச்சுக்கொண்டு வாசிச்சன். அது நினைக்க வெக்கமாக் கிடக்கு.

அம்மாவுக்கு இப்போதைக்குச் சொல்லேல்லை. கார்த்திகை மட்டும் பொறுக்கிறன், அதுக்கு மேலை பொறுக்க மாட்டன். ஆனால் ஒண்டு கேக்கிறன், நீங்கள் எனக்காகச் செய்யவேணும். காணும் மாமா. நான் தண்ணிக்குள்ளை மூச்சு முட்டின ஆக்களை இழுத்து வெளியிலை போடுறவள். காத்துப் போற வழியிலை புழுதி போனால் என்ன நடக்கும் எண்டு எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். அந்தக் குறிப்பை எழுதி முடியுங்கோ. நான் ஒரே நாளிலை திருத்தி அனுப்பிறன். எட்வேர்ட் அண்ணையிட்டை மணிக்கூட்டை வாங்கிச் சுவரிலை கொழுவுங்கோ. கிரிக்கெற், கரப்பந்து, மேசைப்பந்து, பாரம், ஓட்டம். ஒரு மனிசனுக்கு அது போதாதே?

கோவத்தோடையும் அன்போடையும்,
அபி

*

கொக்குவில்,
24.07.2024

அன்பின் அபிகாயிலுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மாமியில் எனக்குக் கோபம் இல்லை. அவள் சத்தியத்தில் ஓட்டை கண்டுபிடித்த விதம் கோட்டில் வாதாடுகிற ஒரு அப்புக்காத்துக்கும் வராது.

முதலில் பகிடி இல்லாமல் சொல்கிறேன். டொக்டர் எடுத்தது குரல்வளையை. கண்ணை எடுக்கவில்லை. எந்தப் பிள்ளை எத்தனையாவது நிமிஷத்தில் களைக்கும், எவள் களைத்ததை மறைப்பாள் என்று தெரிகிற புத்தியை எடுக்கவில்லை. புழுதிக்கு ஈரத்துணி இருக்கிறது. பயிற்சிக்கு முன்னம் பதினாலு பிள்ளைகளும் வாளி வாளியாக மைதானத்துக்குத் தண்ணி தெளிக்கிறார்கள். நான் கேட்கவில்லை. பிரசாந்திதான் தொடங்கினாள். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன எழுதிக் கொடுத்துவிட்டு நான் வீட்டில் இருப்பது? குறிப்பு முடியாது, அபி. கார்த்திகை வரைக்கும் முடியாது.

இனிப் பகிடி. எனக்குப் பேச்சுப் பழக்க உதயகலா என்று ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறார்கள். காற்றை விழுங்கி, அதை ஏப்பம் மாதிரி ஏவறையாக வெளியே விட்டு, அந்த ஏவறையிலே சொல்லைச் செய்யவேண்டுமாம். முப்பத்தைந்து வருஷம் சாப்பாட்டு மேசையில் ஏவறை விட்டதற்கு என்னைத் திட்டிய உன் மாமி, இப்போது எதிரில் இருந்து "இன்னொருக்கா விடுங்கோ, இன்னும் கொஞ்சம் பெரிசா" என்று கெஞ்சுகிறாள். ஏழாவது விளையாட்டு, அபி. இதில் நான்தான் கடைசிப் பொடியன். 'பா' வந்தது. 'டா' வந்தது. உயிரெழுத்தில் தொடங்குகிற சொல் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. உதயகலா சொன்னாள், மைதானத்தில் கேட்கிற அளவுக்கு ஒருநாளும் வராது, கிட்ட நிற்கிறவருக்குத்தான் என்று. நான் யாரென்று தெரிந்துகொள்ளட்டும் என்று அவளுக்கு யாழ்தேவிக் கதையை எழுதிக் கொடுத்தேன்.

போன சனி முதல் ஆட்டம். மற்றக் கல்லூரிப் பயிற்றுநர் தொண்டை கிழியக் கத்துகிறார். அவர் கத்துவதை எங்கள் பிள்ளைகளும் கேட்டு, அவர் பிள்ளைகளுக்கு முன்னமே அந்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் பக்கம் ஒரு சத்தம் இல்லை. பதினைந்தாம் நிமிஷம் கோல். கல்லூரிப் பெண்கள் அணியின் சரித்திரத்தில் முதலாவது.

அதோடு நின்றிருக்கலாம். முன்வரிசையில் இருந்த உன் மாமிக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது. கைப்பைக்குள் இருந்து மேசைவிரிப்பு அளவில் ஒரு வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு தூரத்தில் இருந்த எட்வேர்ட்டின் மனிசிக்கு அதை வீசிக் காட்டினாள். வெள்ளை! எங்கள் பிள்ளைகள் பதினொரு பேரும் பந்தை நடு மைதானத்தில் அப்படியே விட்டுவிட்டு எங்கள் கோலுக்கு ஓடிவந்து மதில் மாதிரி நின்றார்கள். பந்தோடு போன பிரசாந்தியும் திரும்பி வந்தாள். மற்றக் கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறதென்று. பிறகு நடந்து வந்து அடித்தார்கள். மதில் குனிந்தது.

லேஞ்சி பறிமுதல் செய்யப்பட்டது. இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். எட்வேர்ட் பிரியாவிடைப் பேச்சை எடுக்கவில்லை. ஆனி கழிந்து ஆடியாகிவிட்டது என்பதைக் கவனி.

விட்டுக்கொடாத,
மாமா

*

பெர்கன்,
20.08.2024

அன்புள்ள மாமா,

நாங்கள் சுகம். தடுக்கப் பாத்தன், முடியேல்லை. இனிக் கேக்க மாட்டன்.

இதோடை ஒரு பார்சல் வருது. எங்கடை குளத்திலை ஆபத்துக்குக் காட்டுற கொடி ரெண்டு. ஒண்டு கடுஞ்சிவப்பு, ஒண்டு மஞ்சள். பொறுப்பாளரிட்டைக் கேட்டு வாங்கினது. வெள்ளையை விட்டிட்டு மஞ்சளைப் பாவியுங்கோ. மாமியிட்டை மஞ்சள் லேஞ்சி இல்லைத்தானே.

கழுத்துக்கு மெல்லிசுத் துணி உறையும் பத்து வச்சிருக்கிறன். ஒவ்வொரு நாளும் மாத்தவேணும். இது கெஞ்சல் இல்லை, கட்டளை.

அபி

*

கொக்குவில்,
04.11.2024

கொடிகளின் அதிபதியான மருமகளுக்கு,

இங்கே மழை தொடங்கிவிட்டது. உறைகளைத் தினமும் மாற்றுகிறேன். மாமி தோய்த்துக் கொடியில் காயப்போட்டிருப்பதைப் பார்த்தால் கைக்குழந்தை உள்ள வீடு மாதிரி இருக்கிறது.

அரையிறுதியில் மஞ்சள் தன் கடமையைச் செய்தது. இனி இறுதி. போன சனி நடந்தது. ஆறுதலாக இருந்து வாசி.

சனம் எண்பதினாயிரம். நல்லூர்த் தேருக்கு வருகிற கூட்டம் வழிதவறி மைதானத்துக்கு வந்துவிட்டது. இராசாத்தி வல்வெட்டித்துறையிலிருந்து வள்ளத்தோடு வந்து இறங்கினாள். மழைவெள்ளத்தில் வீதியால் ஓட்டிக்கொண்டு வந்தாளாம். நான் சிவப்பைத் தூக்கினேன், கோல். மறுபடி தூக்கினேன், கோல். கை உளைந்து சும்மா தலையைச் சொறிந்தேன், அதற்கும் ஒரு கோல். மொத்தம் ஒன்பதுக்குப் பூச்சியம். எதிரணிப் பயிற்றுநர் என் காலில் விழுந்து தன் தொண்டையையும் எடுத்துவிடச் சொன்னார்.

கடைசி நிமிஷத்தில் பிரசாந்தி விழுந்தாள். நான் ஒரு சொல் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், கூரைத் தகரங்கள் பறந்தன, யாழ்தேவி பழைய ஞாபகத்தில் நின்றது, வேப்பமரத்துக் காகம் என் போனைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் போட்டது. பிரசாந்தி எழும்பினாள்.

கிண்ணம் எவ்வளவு பெரிதென்றால், அதை வைக்க மண்டபத்தின் சுவரை உடைக்கவேண்டும்.

வெற்றி வீரன்,
மாமா

*

பெர்கன்,
22.11.2024

அன்புள்ள மாமா,

எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். கார்த்திகை மட்டும் எண்டுதானே சொன்னனான். அவ முழுக்கக் கேட்டா. பிறகு, "அவன் சின்னனிலையும் ஆரின்ரையாவது சொல்லைக் கேட்டவனே?" எண்டா. பிறகு அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினா. விடியச் சுகமா எழும்பித் தேத்தண்ணி போட்டா. பயப்பட வேண்டாம்.

கல்லூரியின்ரை முகநூலிலை படம் பாத்தனான். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நிக்கிறது வேறை சட்டை போட்ட பிள்ளையள். எங்கடை பிள்ளையள் ஓரத்திலை, உங்களைச் சுத்தி நிக்கினம்.

புழுகினதுக்கு நான் கோவிக்கேல்லை. ரெண்டே ரெண்டு கேள்வி. உண்மையிலை எத்தினைக்கு எத்தினை? மற்றது, அந்த ஒரு சொல்லும் புழுகுதானோ?

அபி

*

கொக்குவில்,
13.12.2024

என் அன்பான அபிக்கு,

நாங்கள் சுகம். இந்த முறை இது வழக்கத்துக்கு எழுதியது இல்லை. போன கிழமை டொக்டர் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் வாருங்கோ என்றார். இதை அக்காவுக்கு முதலில் வாசித்துக் காட்டு.

முகநூல் என்று ஒன்று இருப்பதை நான் மறந்துபோனேன். புழுகருக்குக் காலம் சரியில்லை.

இரண்டுக்கு ஒன்று. தோற்றோம். சனம் ஒரு முந்நூறு வரும். இராசாத்தி பஸ்ஸில் வந்தாள்.

எட்வேர்ட் மலரை அடித்துவிட்டான். குறிப்புக்காக விட்ட இரண்டு பக்கங்களையும் வெறுமையாகவே விட்டு, மேலே 'வாழ்க்கைக் குறிப்பு' என்று தலைப்பு மட்டும் போட்டான். எனக்கு மாலை போட்டார்கள், வாழ்த்துப்பாப் படித்தார்கள், மணிக்கூட்டைத் தந்தார்கள். எழுதிக் கொடுத்த வார்த்தைப்படி நானும் வாங்கிக்கொண்டேன். அது வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை விடிய அஞ்சே முக்காலுக்கு மைதானத்துக்குப் போனேன். அடுத்த வருஷமும் கார்த்திகை வரும்தானே. பதினாலு பிள்ளைகளும் வாளியோடு நின்றார்கள். மணிக்கூட்டைக் கோல் கம்பத்தில் கொழுவினேன். ஓட்டம் கணக்கெடுக்க நல்லது, தூர நின்றும் தெரிகிறது. ஏழு மணிக்கு எட்வேர்ட் வந்தான். கம்பத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் மஞ்சளையும் தூக்கவில்லை, சிவப்பையும் தூக்கவில்லை. "சேர்," என்றான், "அது பத்து நிமிஷம் பிந்தி ஓடுது. திருத்திவிடுங்கோ." அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டான்.

இனி உன் இரண்டாவது கேள்வி. அதற்கு முன்னம் நான் ஒன்று சொல்லவேண்டும். அதிகாரம் மூன்றில் எழுதியது பொய். 2010இல் நீ விழுந்தபோது நான் கத்தவில்லை, அபி. அன்று யாழ்தேவியை நிறுத்தின குரல் முழுசாக என்னிடம் இருந்தது. வாய் திறந்தது. மண்ணில் உன் இரத்தத்தைக் கண்டதும் ஒரு சத்தம் வரவில்லை. நீ தானாகத்தான் எழும்பினாய். ஓடி முடித்து வந்து, "மாமா, உங்கடை குரல் கேட்டது," என்றாய். நான் "ஓம்" என்றேன். பதினாலு வருஷம் அந்த ஓமோடு இருந்துவிட்டேன். நீ குளத்தடியில் கேட்கிற குரல் என்னுடையது இல்லை, பிள்ளை. உன்னுடையது.

பிரசாந்தி விழுந்தது எனக்கு நாலு முழத்துக்குள். இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது, ஒரு கோல் பின்னுக்கு நின்றோம். அடி ஒன்றும் பலமில்லை. முகத்தைப் புல்லுக்குள் புதைத்துக்கொண்டு கையால் நிலத்தில் குத்தினாள். என் கையில் சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது. குப்புறக் கிடக்கிறவளுக்குக் கொடி தெரியாது, அபி. கோட்டைத் தாண்டி நான் உள்ளே போகவும் கூடாது. கொடியைக் கீழே போட்டேன். காற்றை விழுங்கினேன். மூன்று ஏவறை. எ. ழும். பு.

அவள் தலையைத் தூக்கி, எந்தப் பக்கம் தவளை கத்துகிறது என்று பார்த்தாள். என்னைக் கண்டாள். பத்து மாதத்தில் ஒருநாளும் அவள் கேட்டிராத சத்தம். எழும்பினாள். ஓடினாள், பந்தைப் பறித்தாள், அடித்தாள். கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

கூரைத் தகரம் பறக்கவில்லை. முன்வரிசையில் இருந்த மாமிக்கே கேட்கவில்லையாம். காகம், ஒட்டிமீன், ஆட்டுக்கல், எண்பதினாயிரம் சனம், ஒன்பது கோல், உன் அதிகாரம், எல்லாம் புழுகு. அந்த ஒரு சொல் மட்டும் நடந்தது.

வருஷக் கடைசி ஞாயிறு பின்னேரம் உன் போனுக்கு மணி அடிக்கும். அக்காவைப் பக்கத்தில் இருத்திக்கொள்.

மாமா